வாசகர் கேள்வி – பதில்: கயிற்றுக் கடைசலும் தண்ணீர்த் திருகையும்

இழைப்புளி தீட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலைத் தொடர்ந்து, மின்சாரம் வருவதற்கு முந்திய மரவேலை எந்திரங்களைப் பற்றியும் மாவரைக்கும் எந்திரங்களைப் பற்றியும் பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் என்ற முறையில், எனக்கு நெருக்கமான இந்தக் கேள்விகளுக்கு இந்த இதழை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: குடும்பத்துடன் கர்நாடகத்துப் பொம்மை ஊரான சென்னபட்டணம் போயிருந்தோம். ஒரு பட்டறையில் மோட்டார் இல்லாமல், கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்றிப் பொம்மை செய்து காட்டினார்கள். அம்பாசமுத்திரத்துக்காரரான என் மாமனார், “இது எங்கள் ஊர்க் கடைசல்தான்” என்றார். மோர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே சொல்லா? முன்னும் பின்னும் மாறி மாறிச் சுழலும் மரத்தை எப்படி ஒழுங்காகச் செதுக்க முடிகிறது?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: உங்கள் மாமனார் சொன்னது முற்றிலும் சரி. தயிர்ப் பானையில் மத்தை நிறுத்திக் கயிற்றின் இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பதற்கும், இரு கூர்முனைகளுக்கு நடுவே பொருத்திய மரக்கட்டையில் கயிற்றைச் சுற்றி இழுப்பதற்கும் அசைவில் வேறுபாடே கிடையாது. மத்து நிமிர்ந்து நிற்கிறது, கட்டை படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் தமிழில் இரண்டுக்கும் கடைதல் என்ற ஒரே வினை வழங்குகிறது. மரத்தோடு மரத்தை உரசி நெருப்பு உண்டாக்கிய கோலுக்கும் தீக்கடைகோல் என்றே பெயர். வெண்ணெய், நெருப்பு, மரச்சாமான் ஆகிய மூன்றையும் ஒரே கையசைவால் பெற்றார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே பதிந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னபட்டணத்தில் ஒரு முதியவரின் பட்டறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையில் போட்ட பலகையின்மேல் அமர்ந்திருந்தார். வலக்கை வில்லை முன்னும் பின்னும் தள்ளியது. வில்லின் கயிறு கட்டையைச் சுற்றியிருந்தது. இடக்கை உளியின் பிடியைப் பற்றியிருக்க, உளியின் முன்பகுதியைத் தாங்குகட்டையோடு சேர்த்து இடக்காலின் பெருவிரலும் அடுத்த விரலும் கவ்வியிருந்தன. வில் ஒரு திசையில் செல்லும்போது மரத்தின் மேற்பரப்பு அவரை நோக்கி வந்து உளிவாயில் இறங்கியது. சீவல் சுருளாகப் பிரிந்து விழுந்தது. வில் திரும்பும்போது மரமும் எதிர்த்திசையில் சுழன்றது. அப்போது உளி மரத்தோடு அழுந்தியிருந்தால் வெட்டாது, வாய்தான் மழுங்கும். ஆகவே அவர் கால்விரல் மயிரிழை அளவு நெகிழ்ந்து உளியை விலக்கியது. அடுத்த வீச்சுக்கு மறுபடியும் இறுகியது. கண்ணால் பார்த்தால் உளி அசைவதே தெரியவில்லை. காதில்தான் தெரிந்தது. சர்ரென்று ஓர் ஒலி, அதே அளவு மௌனம், மறுபடியும் அந்த ஒலி. நிமிடத்துக்கு எத்தனை முறை அந்த விரல் நெகிழ்ந்து இறுகியதோ, அவர் அதை நினைத்துச் செய்யவில்லை என்பது மட்டும் உறுதி. அந்த நேரமெல்லாம் என்னிடம் தம் பேரனின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆக, வில்லோ கயிறோ கொண்டு இயக்கும் கடைசலில் பாதி வீச்சுதான் வெட்டுகிறது, மீதிப் பாதி வெறுமனே திரும்பி வருகிறது. இந்தத் திரும்பும் வீச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் மற்ற பதில்களிலும் அதைச் சந்திக்கப் போகிறோம். ஆனால் சென்னபட்டணத்துக்காரர்களும் அம்பாசமுத்திரத்துக்காரர்களும் அந்தப் பாதியையும் முழுமையாக வீணாக்கவில்லை. வடிவம் வந்த பிறகு, சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. சூடு உண்டாவதற்கு மரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒன்றுதான் என்பதால், வெட்டும்போது பயன்படாத வீச்சு அரக்கு ஏற்றும்போது பயன்படுகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கையால் சுழற்றும் கடைசலும் அரக்கு வேலையும் நம் நாட்டில் இவ்வளவு நெருங்கிச் சேர்ந்திருப்பதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னபட்டணத்தில் ஆலெ மரம் என்றும் ஹாலெ மரம் என்றும் சொல்வது நம் வெட்பாலைதான். கிளையை ஒடித்தால் பால் வடியும்; தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு ஆனது போலவே பாலை ஹாலெ ஆகியிருக்கிறது. வெண்மையான, நெருங்கிய இழையுள்ள, மென்மையான மரம் அது. பாதி வீச்சில் வெட்டும் ஒரு கருவிக்குத் தேக்கைவிட அது ஏற்றது என்பதை உளி பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உணரலாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்கு மஞ்சள் கடம்பைத் தேர்ந்ததும் இதே காரணத்தால்தான் இருக்க வேண்டும். வாய்ப்பு அமைந்தால் அடுத்த பயணத்தில் பேலூருக்கும் போய் வாருங்கள். அங்குள்ள ஹொய்சளர் கோயிலின் மண்டபத் தூண்கள் பலவற்றைக் கடைசல் தூண்கள் என்றே கலை வரலாற்றறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். மாக்கல்லில் அமைந்த அந்த வளையங்களின் ஒழுங்கை மரக்கடைசல் தெரிந்தவரோடு சேர்ந்து பார்ப்பது தனி அனுபவம்.

கேள்வி: பொம்மைக் கடையில் “கைவினை” என்று எழுதியிருந்தது. ஆனால் பட்டறைகளில் பெரும்பாலும் மின் மோட்டார்தான் ஓடுகிறது. அப்படியானால் இந்தச் சொல் பொய்தானே?
– ஒரு வாசகி, இந்திராநகர்

பதில்: பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உடல்நலமுள்ள ஒருவர் சோர்ந்துவிடாமல் நாள் முழுவதும் தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட். அரைக் குதிரைத்திறன் மோட்டார் தருவது ஏறத்தாழ 373 வாட். அதாவது கயிறு இழுக்கும் ஐந்து பேருக்கு ஈடான பலத்தை அது ஓய்வின்றித் தருகிறது. திரும்பும் வீச்சும் அதில் இல்லை. மோட்டார் எடுத்துக்கொண்டது கயிறு இழுத்தவரின் வேலையை. உளியை எங்கே, எவ்வளவு சாய்த்து, எப்போது நிறுத்துவது என்பது இன்னும் கடைபவரின் கையில்தான் இருக்கிறது. அச்சில் வார்த்த பொம்மைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. கையால் சுழற்றியது என்று சொல்லி விற்றால் மட்டும் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: என் அப்பாவும் பெரியப்பாவும் மைசூர் சாலை மரக்கடைகளில் பெரிய ரம்பத்தால் தடி அறுத்தவர்கள். பெரியப்பா எப்போதும் மேலே நிற்பார், அப்பா கீழே. கீழே நிற்பதுதான் கொடுமை என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோடு பிசகாமல் கொண்டுபோவது தம் தலையில்தான் விழுந்தது என்று பெரியப்பா சொல்வார். இப்போது இருவரும் இல்லை. யார் சொன்னது நியாயம்?
– ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருவர் சொன்னதும் நியாயம். அதை விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

தடியைக் குழியின் குறுக்கே கிடத்தியோ, சாரத்தின்மேல் ஒரு முனையை உயர்த்திச் சாய்த்து நிறுத்தியோ, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று அறுப்பது உலகம் முழுவதும் இருந்த முறை. ரம்பத்தின் பற்கள் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். ஆகவே கீழே இழுக்கும் வீச்சில்தான் அது வெட்டும். கீழே நிற்பவர் கைகளால் மட்டும் இழுப்பதில்லை, தம் உடலின் எடையையே அதில் தொங்கவிடுகிறார். வெட்டும் பலம் அவருடையது. மரத்தூள் முழுவதும் அவர் தலையிலும் கண்ணிலும் கழுத்திலும் விழுகிறது. தலைத்துண்டை இறக்கிக் கட்டினாலும் வியர்வையோடு அது ஒட்டிக்கொள்ளும். அப்பா சொன்ன கொடுமை இதுதான்.

மேலே நிற்பவருக்குத் திரும்பும் வீச்சு சொந்தம். வெட்டாத வீச்சுதானே என்று அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ரம்பத்தின் முழு எடையையும் ஒவ்வொரு முறையும் அவர்தான் மேலே தூக்குகிறார், அதுவும் குனிந்து, தடியின்மேல் கால் சறுக்காமல் பின்னோக்கி நகர்ந்துகொண்டே. அதோடு கோடும் அவர் பொறுப்பு. கரியிலோ காவியிலோ நனைத்த நூலைத் தடியின் இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி அடித்த கோடு அது. நூல் பிடித்தாற்போல் என்று நாம் அன்றாடம் சொல்வதன் பிறப்பிடம் அங்கேதான். ரம்பம் ஒரு விரற்கடை விலகினால் ஒரு பலகை அல்ல, இரண்டு பலகைகள் கெடுகின்றன. ஒன்று பருத்துவிடும், மற்றது மெலிந்துவிடும். அந்தப் பிழையைத் திருத்தவே முடியாது. பல இடங்களில் அரம் பிடித்துப் பற்களைத் தீட்டுவதும், மரத்தில் சிக்காதபடி பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்த்து வைப்பதும் மேலே நிற்பவரின் வேலையாகவே இருந்தன.

அறுத்துக்கொண்டே போகும்போது தடியின் பாரத்தால் பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். அதற்காகப் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு போவார்கள். பாதி அறுத்த மரத்தின் ஆப்பை அசைத்து வாலை இழந்த குரங்கின் கதையைச் சிறுவயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தக் கதையைச் சொன்னவர் மரம் அறுக்கும் இடத்தைக் கண்ணால் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்; மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆப்போடு நிற்கும் தடி அவ்வளவு உண்மையான காட்சி. என் முடிவைக் கேட்டால், உழைப்பில் இருவரும் ஏறக்குறைய சமம். துன்பம் அப்பாவுக்குக் கூடுதல், பொறுப்பு பெரியப்பாவுக்குக் கூடுதல். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: ஒருவர் மூச்சின் தாளத்தை மற்றவர் அறியாமல் அந்த ரம்பம் நேராகப் போகாது. இருவரும் ஒரே ரம்பத்தில் காலம் கழித்தார்கள் என்றால், ஒருவரை ஒருவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் ஆற்று நீரால் மரம் அறுத்தார்கள் என்று படித்தேன். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றத்தானே செய்யும்? ரம்பம் மேலும் கீழும் போக வேண்டுமே, அது எப்படி நடந்தது?
– ஒரு கல்லூரி மாணவி, ஜெயநகர்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சுழலும் அசைவை ஏறி இறங்கும் அசைவாக மாற்றுவதுதான் இந்தக் கதையில் மனிதர்கள் நீண்ட காலம் போராடிய இடம்.

இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் என்ற பழைய நகரத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் சவப்பெட்டியின்மேல் ஒரு செதுக்குருவம் இருக்கிறது. நீர்ச்சக்கரம் பல்சக்கரங்கள் வழியாக இரண்டு ரம்பங்களை இயக்குவதை அது காட்டுகிறது. அங்கே அறுத்தது மரத்தை அல்ல, கல்லை. சுழலும் அச்சிலிருந்து விலகி நிற்கும் கிராங்க் என்ற வளைந்த கை, அதையும் ரம்பத்தையும் இணைக்கும் ஒரு தண்டு என்ற அமைப்புக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று அதுதான். வீட்டில் மிதி வைத்த தையல் இயந்திரம் இருந்தால் அதே அமைப்பை நீங்கள் தலைகீழாகப் பார்க்கலாம்: அங்கே கால் ஏறி இறங்குகிறது, சக்கரம் சுழல்கிறது.

மரத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் தம் வரைபடச் சுவடியில் நீரால் இயங்கும் ஒரு மர ரம்பத்தை வரைந்து வைத்திருக்கிறார். அதில் கிராங்க் கிடையாது. நீர்ச்சக்கரத்தின் அச்சில் உள்ள புடைப்புகள் ரம்பத்தைக் கீழே இழுக்கின்றன. மேலே தூக்குவதற்கு வளைந்து நிமிரும் ஒரு நெடிய கழி இருக்கிறது. உங்கள் கண்முன் அதைக் கொண்டுவர வேண்டுமானால், ஸ்ரீராம்புரம் வாசகரின் பெரியப்பா நின்ற இடத்தில் ஒரு கழியையும், அப்பா நின்ற இடத்தில் ஓடும் தண்ணீரையும் வைத்துப் பாருங்கள். அதே சக்கரம் ஒரு பல்சக்கரத்தின் வழியாகத் தடியை ரம்பத்தை நோக்கித் தானே நகர்த்தவும் செய்கிறது. வரைபடத்தின் சிறப்பு அதுதான். ஐரோப்பியக் கடைசல்காரர்கள் தம் பட்டறையில் கயிற்றின் ஒரு முனையைக் கால்மிதியிலும் மறு முனையை இதே போன்ற கழியிலும் கட்டிக் கட்டையைச் சுழற்றினார்கள். வெட்டும் வீச்சைக் கால் தந்தது. திரும்பும் வீச்சைக் கழி தந்தது. நம் ஊரில் கயிறு பிடித்த துணையாளின் இடத்தில் அவர்கள் கழியை வைத்தார்கள் என்று கொள்ளலாம்.

கிராங்கைக் காற்றாலையோடு சேர்த்து மரம் அறுத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிசோன். ஆண்டு 1594. ஒரே அச்சில் பல ரம்பங்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்க, கப்பல் பலகைகள் மளமளவென்று குவிந்தன. மரம் அறுத்துப் பிழைத்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1768ஆம் ஆண்டு மே மாதம் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் காற்றால் இயங்கிய ஒரு மர அறுவை ஆலையை, வேலை போய்விடும் என்று அஞ்சிய ரம்பக்காரர்கள் கூட்டமாகச் சென்று தகர்த்தார்கள். அவர்களை வெறும் மூடர்கள் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. குழியில் நின்றவர்களின் கூலியைப் பற்றி அந்த ஆலையைக் கட்டியவர்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நம் நாட்டில் ஆற்று நீரால் மரம் அறுப்பது பரவவில்லை. அந்தமானில் சாத்தம் தீவின் புகழ்பெற்ற ஆலை 1883இல் தொடங்கியபோது நீராவி வந்துவிட்டிருந்தது. கைரம்பத்திலிருந்து நேராக நீராவிக்கும் மின்சாரத்துக்கும் தாவியவர்கள் நாம்.

கேள்வி: உத்தராகண்டில் மலையேற்றத்தின்போது ஓர் ஓடைக்கரையில் கராட் என்ற தண்ணீர் மாவு ஆலையைப் பார்த்தோம். உள்ளே ஒரு பெரிய கல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பல்சக்கரமும் கண்ணில் படவில்லை. இவ்வளவு எளிமையானது காவிரிக் கரையில் ஏன் இல்லை?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: பல்சக்கரம் கண்ணில் படாததற்குக் காரணம், அங்கே பல்சக்கரமே இல்லை என்பதுதான். நாம் ஆற்று ஆலை என்றதும் நினைப்பது நிமிர்ந்து நிற்கும் பெரிய சக்கரத்தை. கராட்டில் சக்கரம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். ஓடையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, செங்குத்தாகச் சாய்ந்த மரத் தோணி வழியாகத் தண்ணீரை விரைந்து இறக்கி, சாய்வாகப் பொருத்திய மர இதழ்கள்மேல் பாய்ச்சுகிறார்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து நிமிர்ந்து எழும் தண்டு, அசையாத அடிக்கல்லின் துளை வழியாகச் சென்று மேல்கல்லோடு இணைகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல்லும் ஒரு சுற்று. நம் பாட்டிமார்கள் வைத்திருந்த திருகையை எடுத்து, கைப்பிடியை நீக்கிவிட்டு, அடியில் ஒரு நீர்ச்சக்கரத்தைப் பொருத்தினால் அதுதான் கராட்.

அதிலே நான் மிகவும் மதிப்பது ஒரு சிறு குச்சியை. மேல்கல்லுக்கு மேலே கூம்புக் கூடையில் தானியம் தொங்கும். அதன் வாயில் கட்டிய ஒரு குச்சியின் முனை சுழலும் கல்லின்மேல் சும்மா படுத்திருக்கும். கல் சொரசொரப்பானது, ஆகவே குச்சி துள்ளிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துள்ளலுக்கும் சில மணிகள் கல்லின் கண்ணுக்குள் உதிரும். தண்ணீர் பெருகிக் கல் விரைந்தால் குச்சியும் விரைந்து துள்ளும், மணியும் கூடுதலாக விழும். தண்ணீர் குறைந்தால் எல்லாம் தானே குறையும். திருகையில் ஒரு கையால் சுற்றி மறு கையால் பிடி பிடியாக இட்ட பாட்டியின் கணக்கை அந்தக் குச்சி ஏற்றுக்கொள்கிறது. கல் மெல்லச் சுற்றுவதால் மாவு சூடேறுவதில்லை. கல்லின் முகம் தேய்ந்தால் கொத்திப் புதுப்பிக்கிறார்கள். அம்மி கொத்தலையோ என்று தெருவில் குரல் கேட்ட தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

காவிரிக் கரையில் ஏன் இல்லை என்பதற்கு நான் இரண்டு காரணங்களைக் காண்கிறேன். முதலாவது, நீர். இமயத்து ஓடைகளில் பனியும் ஊற்றும் ஆண்டின் பெரும்பகுதி நீர் தருகின்றன. சில அடி தூரத்திலேயே நல்ல இறக்கமும் கிடைக்கிறது. சமவெளியில் காவிரி மெல்ல இறங்குகிறது, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, வாய்க்காலுக்குள் வந்த நீரெல்லாம் வயலுக்கு வேண்டியிருக்கிறது. இரண்டாவது, சோறு. கோதுமையும் மக்காச்சோளமும் உண்பவர்களுக்கு நாள்தோறும் உலர்ந்த மாவு வேண்டும். நமக்கு வேண்டியது உமி நீங்கிய அரிசி. அதற்கு உரலும் உலக்கையும் போதும். ஆட்டுக்கல்லில் அரைப்பதோ ஈரமாவு. இரண்டிலும் தண்ணீர்ச் சக்கரத்துக்கு வேலை குறைவு. தக்காணத்தில் கோதுமையும் சோளமும் உண்ணும் பகுதியான ஔரங்காபாத்தில், மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக நீரைக் கொண்டுவந்து சுழற்றிய பன்சக்கி என்ற மாவு ஆலை இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

டேராடூனைச் சேர்ந்த அனில் பிரகாஷ் ஜோஷி, கராட்டுகளை மேம்படுத்தி மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்; 2006இல் பத்மஸ்ரீயும் 2020இல் பத்மபூஷணும் பெற்றார். அடுத்த முறை போகும்போது அங்கே அரைத்த மாவில் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். ரொட்டி சுட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பெங்களூரில் எப்போதாவது நீரால் இயங்கிய ஆலை உண்டா? என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர்.
– ஒரு வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: உங்கள் தாத்தா வேலை செய்த இடத்திலேயே விடை இருக்கிறது. காவிரி சிவனசமுத்திரத்தில் அருவியாக விழும் இடத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தங்கவயலுக்குக் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பினார்கள். உலகில் அக்காலத்தின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. அதே நிலையத்திலிருந்து 1905இல் பெங்களூருக்கு விளக்கு வந்தது. அங்கே சுழன்ற டர்பைன், கராட்டில் படுத்திருக்கும் மரச்சக்கரத்தின் உறவினர்தான். ஆலையை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த நிலை மாறி, ஆறு ஆலையைத் தேடி வந்தது.

கேள்வி: எங்கள் தெருவில் மரச்செக்கு எண்ணெய் என்று விற்கிறார்கள். செக்கு மரம்தான், ஆனால் மோட்டார் சுற்றுகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: வாங்கலாம். மாடு சுற்றியதா மோட்டார் சுற்றியதா என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பாருங்கள். மாடு நடக்கும் வேகத்தில் உலக்கை சுற்றினால் எண்ணெய் அதிகம் சூடேறாது. வாகை மரத்தில் செய்த செக்கா என்றும் கேளுங்கள். பழைய செக்குகளுக்குப் பெரிதும் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டும்போது நேரில் நின்று பிண்ணாக்கைத் தொட்டுப் பார்க்க விடுகிற கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கையால் இயங்கும் கடைசல் ஒன்றைச் செய்ய விரும்புகிறான். வீட்டில் பழைய தையல் இயந்திரத்தின் மிதியும் சக்கரமும் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு; இடம் பால்கனி மட்டும்தான். செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், பன்னேர்கட்டா சாலை

பதில்: முடியும், ஆனால் தையல் மிதியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அந்தச் சக்கரம் ஊசியை ஓட்டுவதற்கான எடையில் செய்யப்பட்டது. உளி மரத்தைத் தொட்டதும் அது நின்றுவிடும், பையன் சோர்ந்துவிடுவான். வில் கடைசலைச் செய்யுங்கள், அது ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும்.

மூன்றடி நீளமுள்ள கனமான பலகை ஒன்று. அதன் ஒரு முனையில் அசையாத ஒரு மரக்கட்டை, மறு பக்கத்தில் நகர்த்தி ஆப்பு வைத்து இறுக்கக்கூடிய ஒரு கட்டை. இரண்டிலும் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று நேராக நோக்கும் இரும்புக் கூர்முனைகள். உயரம் சிறிதும் பிசகக் கூடாது. மற்ற எல்லாவற்றையும்விட இதில் நேரம் செலவிடுங்கள். கூர்முனை மரத்தில் பதியும் குழியில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் கிறீச்சிடாது, கருகாது. வில்லுக்கு மூங்கில், கயிற்றுக்குப் பருத்தி. நைலான் வழுக்கும். கயிறு கட்டையை ஒரு முழுச் சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். தாங்குகட்டையைக் கடையும் மரத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். இடைவெளி கூடினால் உளி உள்ளே இழுபடும். ஒரு கையால் வில்லும் ஒரு கையால் உளியும் பிடிப்பது பழகும்வரை வில்லை நீங்கள் இழுங்கள், உளியை அவன் பிடிக்கட்டும். கால்விரலால் உளியைக் கவ்வும் முறையைக் கண்டிப்பாக முயல வேண்டாம்; அது சிறுவயது முதல் பழகியவர்களுக்கு உரியது. துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கயிற்றுக்கு அருகில் வரக் கூடாது.

மரத்துக்காகக் கடைக்குப் போக வேண்டாம். கோடை மழையில் நம் தெருக்களில் முறிந்து விழும் குல்மோஹர் கிளைகள் போதும். குடியிருப்புச் சங்கத்திடம் சொல்லிவிட்டு, மணிக்கட்டுப் பருமனில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மரமே கைக் கடைசலுக்கு எளிது. கடைந்த பிறகு வெயிலில் வைத்தால் வெடிக்கும். சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் சில வாரங்கள் வைத்து, பிறகு மெருகேற்றுங்கள். முதலில் பம்பரம் செய்யத்தான் அவனுக்கு ஆசை வரும். ஆனால் முதலில் ஒரு பூரிக்கட்டையைக் கடையச் சொல்லுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே பருமன் வருவது எவ்வளவு கடினம் என்பது அதில் தெரியும். சமதளமான மேசைமேல் உருட்டிப் பார்த்தால், பிழை எங்கே இருக்கிறது என்பதை அது தானே காட்டிவிடும். அந்த இடத்தில் பென்சிலால் குறியிட்டு, மறுபடியும் கூர்முனைகளுக்கு நடுவே பொருத்தி, வில்லை எடுக்கச் சொல்லுங்கள்.